ப்ராட்டா கிராமம்: மருந்துக்கு மசியாத தொழுநோய் குடும்பத்துக்குள் பரவிய தடம்

பிரேசிலின் வடக்கே, அமேசான் பகுதியைச் சேர்ந்த பாரா மாநிலத்தில் ப்ராட்டா என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே தொழுநோயாளிகள் 37 பேரின் தோல் மாதிரியிலிருந்து கிருமியை எடுத்து, அதன் மரபணுக்களைப் படித்துப் பார்த்தார்கள். 16 பேரின் கிருமியில் மருந்து எதிர்ப்பு இருந்தது. நூற்றுக்கு 43 பேர். இதுவே திடுக்கிட வைக்கும் எண்தான். ஆனால் இந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து என்னை விடாமல் தொந்தரவு செய்வது அந்த 16-க்குள் அடங்கியிருக்கும் 6 என்ற எண்.

அந்த ஆறு பேருக்கும் அப்போதுதான் முதல்முறையாக நோய் கண்டறியப்பட்டது. அதற்கு முன் அவர்கள் தொழுநோய்க்குச் சிகிச்சை எடுத்ததில்லை. மருந்தே சாப்பிடாதவர் உடம்பில் மருந்து எதிர்ப்பு எப்படி வந்தது? கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு தற்செயலாக மாறுவது எப்போதும் நடப்பதுதான். ஆனால் மருந்து வந்து மற்ற கிருமிகளைக் கொன்று இடம் காலி செய்து கொடுக்காதவரை, அந்த ஒன்றிரண்டு பெருகி உடம்பு முழுக்க ஆக்கிரமிக்காது. ஆகவே இந்த ஆறு பேருக்கும் எதிர்ப்பு வேறொருவர் உடம்பில் உருவாகி, அங்கிருந்து தொற்றியிருக்க வேண்டும். அது யாரிடமிருந்து வந்திருக்கலாம் என்பதைக் கிருமியின் டி.என்.ஏ.வைக் கொண்டே துப்புத் துலக்கியதுதான் ப்ராட்டா ஆய்வு. பத்ரீசியா சம்மார்க்கோ ரோசாவும் அவருடைய குழுவினரும் நடத்திய இந்த ஆய்வு 2020-ல் வெளியானது.

ஏன் இவ்வளவு காலம் தெரியவில்லை

காசநோய்க் கிருமி மருந்துக்குக் கட்டுப்படுகிறதா என்று பார்க்க, அதை ஆய்வகத்தில் வளர்த்து, மருந்து கலந்த ஊட்டத்தில் விட்டுப் பார்க்கலாம். தொழுநோய்க் கிருமியிடம் இது நடக்காது. நார்வேயின் பெர்கன் நகரில் 1873-ல் ஹான்சன் அதைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து இன்றுவரை எந்தச் செயற்கை ஊட்டத்திலும் அதை வளர்க்க முடியவில்லை.

காரணம் அதன் மரபணுத் தொகுதியிலேயே இருக்கிறது. 2001-ல் முதன்முதலாக முழுமையாகப் படிக்கப்பட்ட தொழுநோய்க் கிருமி, தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்தது. ஆர்மடில்லோ என்ற ஓடு போர்த்திய விலங்கின் உடம்பில் பெருக்கப்பட்ட அந்த வகைக்கு ஆய்வுலகில் இன்றும் 'டி.என்.' என்றுதான் பெயர். உலகின் எந்த மூலையில் கிடைக்கும் தொழுநோய்க் கிருமியையும் இதோடுதான் ஒப்பிடுகிறார்கள். அதில் சுமார் 32 லட்சத்து 70 ஆயிரம் டி.என்.ஏ. எழுத்துகள் இருந்தன. வேலை செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 1,600. செயலிழந்து வெறும் எச்சமாகக் கிடப்பவை 1,100-க்கு மேல். காசநோய்க் கிருமியிடம் சுமார் 4,000 மரபணுக்கள் இருப்பதை இதோடு ஒப்பிட்டால் நிலைமை புரியும். தனியாகப் பிழைக்கத் தேவையான பலவற்றைத் தொழுநோய்க் கிருமி தொலைத்துவிட்டது. உயிருள்ள உடம்பு இல்லாமல் அதற்குப் பிழைப்பில்லை.

1960-ல் சார்ல்ஸ் ஷெப்பர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். நோயாளியின் தோலிலிருந்து எடுத்த கிருமிகளில் 5,000 முதல் 10,000 வரை எண்ணி, சுண்டெலியின் பின்னங்கால் பாதத்தில் ஊசியால் செலுத்த வேண்டும். எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வெறும் தீனி, மற்றவற்றுக்கு மூன்று வெவ்வேறு அளவுகளில் டாப்சோன் என்ற தொழுநோய் மருந்து கலந்த தீனி கொடுக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். இந்தக் கிருமி ஒரு தடவை இரட்டிப்பாக 12 முதல் 14 நாட்கள் ஆகும். மாதக்கணக்கில் காத்திருந்து, பாதத்தை எடுத்து அரைத்து, நுண்ணோக்கியில் மறுபடி எண்ண வேண்டும். மருந்து தின்ற எலியிலும் கிருமி பெருகியிருந்தால் எதிர்ப்பு உறுதி. எந்த அளவு மருந்து வரை தாக்குப்பிடித்தது என்பதை வைத்து எதிர்ப்பு லேசானதா கடுமையானதா என்றும் சொல்லலாம். ஆனால் ஒரு நோயாளிக்கு விடை கிடைக்க ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும். மாதிரியில் உயிருள்ள கிருமிகள் போதுமான அளவில் இருந்தாக வேண்டும். உலகிலேயே ஒரு சில ஆய்வகங்களால்தான் இதைச் செய்ய முடிந்தது.

இப்படிப் பார்த்ததில்தான் 1964-ல் மலேசியாவின் சுங்கை பூலோவில் டாப்சோன் எதிர்ப்பு முதலில் நிரூபணமானது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பு 1976-ல் பதிவானது. ஒற்றை மருந்து இனி உதவாது என்பது தெளிவாகிவிட்டதால், ரிஃபாம்பிசின், க்ளோஃபாசிமின், டாப்சோன் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சையை 1981-ல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு பரிந்துரைத்தது. 1995 முதல் அது உலகம் முழுக்க இலவசம். 1.6 கோடிக்கும் மேற்பட்டவர்கள் குணமானார்கள். நோய் திரும்பியவர்கள் எண்ணிக்கை மிகக் குறைவாகவே இருந்தது.

மருத்துவ வரலாற்றின் பெரிய வெற்றிகளில் இது ஒன்று, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வெற்றியின் நிழலில் ஒன்று விட்டுப்போனது. எலிப் பாதச் சோதனை செய்த ஆய்வகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கண்ணே மங்கிவிட்டது. பார்க்காததால் தெரியவில்லை, தெரியாததால் இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

மூன்று மரபணுக்கள்

1990-களில்தான் வேறொரு கதவு திறந்தது. கிருமியை வளர்க்க வேண்டாம், அதன் டி.என்.ஏ. கிடைத்தால் போதும் என்ற நிலை வந்தது. ரிஃபாம்பிசின், கிருமியின் ஆர்.என்.ஏ. தயாரிக்கும் நொதியில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை முடக்குகிறது. அந்த நொதியின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணு ஆர்.பி.ஓ.பி. அதில் 456-ஆவது இடத்தில் டி-சி-ஜி என்ற மூன்றெழுத்து இருக்கும். நடு எழுத்து மட்டும் மாறி டி-டி-ஜி ஆனால், புரதத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் லூசின் என்ற வேறொன்று வந்து உட்காரும். ஒரே ஒரு எழுத்துதான். ஆனால் மருந்துக்கு ஒட்ட இடம் கிடைக்காது. தொழுநோயில் ரிஃபாம்பிசின் எதிர்ப்புக்கு மிக அதிகமாகக் காணப்படும் மாற்றம் இதுதான்.

டாப்சோனுக்கு ஃபோல்பி1 என்ற மரபணுவின் 53, 55 ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். ஆஃப்லாக்சசின் போன்ற குயினோலோன் வகை மருந்துகளுக்கு ஜைர்ஏ மரபணு. இந்த மூன்றின் குறிப்பிட்ட சிறு பகுதிகளை மட்டும் பி.சி.ஆர். முறையில் பெருக்கி, எழுத்தெழுத்தாகப் படித்தால் சில நாட்களில் விடை தெரிந்துவிடும். மாதிரியை எலி ஆய்வகத்துக்கு உயிரோடு கொண்டுபோகும் அவசரமும் இல்லை. தோல் துணுக்கை 70 சதவீத எத்தனாலில் போட்டு அனுப்பினால் போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தொழுநோயில் செத்த கிருமியும் உடம்பை விட்டு வெளியேற ஆண்டுக்கணக்கில் ஆகும். டி.என்.ஏ. கிடைத்தது என்பதால் மட்டும் கிருமி உயிரோடு இருக்கிறது என்று சொல்ல முடியாது. எலியின் பாதம் மெதுவாகத்தான் பதில் சொல்லும், ஆனால் உயிருள்ள கிருமியைப் பற்றித்தான் சொல்லும். ப்ராட்டா ஆய்வில் எனக்குப் பிடித்த முதல் விஷயம், அவர்கள் இரண்டையும் கைவிடவில்லை என்பது. மரபணுவைப் படித்தார்கள், எலியிலும் சோதித்தார்கள்.

கிராமத்தின் கதை

ப்ராட்டா சாதாரணக் கிராமம் அல்ல. மாநிலத் தலைநகர் பெலெமிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், இகராபே-அசு நகராட்சியில் இருக்கிறது. 1924-ல் தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் அடைத்து வைக்கும் காலனியாக அது மாற்றப்பட்டது. அன்றைய பிரேசிலில் தொழுநோய் என்று தெரிந்தால் போதும், கட்டாயமாகப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள். காலனிக்குள் பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து வேறு விடுதிகளில் வளர்த்தார்கள். 1962-ல் சட்டப்படி இது முடிவுக்கு வந்தாலும், நடைமுறையில் சில இடங்களில் 1980-கள் வரை நீடித்தது. 2007-ல் பிரேசில் அரசு தனிச் சட்டம் போட்டு, அப்படி அடைக்கப்பட்டவர்களுக்கு வாழ்நாள் ஓய்வூதியம் வழங்கியது.

வாசல் திறந்த பிறகும் பலர் அங்கேயே தங்கினார்கள். போக இடமில்லை, வெளியே ஏற்பாரும் இல்லை. அங்கேயே குடும்பமானார்கள், பிள்ளைகள் பெற்றார்கள், பேரப்பிள்ளைகளும் வந்தார்கள். நோய் அதிகமாகவும், வெளியுலகத் தொடர்பு குறைவாகவும் உள்ள ஒரு சமூகம் உருவானது.

மருந்து எதிர்ப்பு உருவாக இதைவிடத் தோதான சூழலைக் கற்பனை செய்வது கடினம். இந்த மாதிரி காலனிகளில் முதலில் கொடுத்தது டாப்சோன் மட்டும்தான், பல வருடங்களுக்கு. அதற்குள் சிலரிடம் டாப்சோன் எதிர்ப்பு உருவாகியிருக்கும். பிறகு ரிஃபாம்பிசின் வந்து டாப்சோனோடு சேர்ந்தபோது, காகிதத்தில் அது இரண்டு மருந்து. ஏற்கெனவே டாப்சோனுக்கு மசியாத கிருமியைச் சுமந்தவருக்கோ அது ஒரே மருந்து. எதிரே தனியாக நிற்கும் ரிஃபாம்பிசினைத் தாண்டக் கிருமிக்கு ஓர் எழுத்து மாறினால் போதும். இரண்டு மருந்தையும் ஒரே நேரத்தில் தாண்டுவது கிருமிக்குக் கிட்டத்தட்ட முடியாத காரியம். ஒன்றன்பின் ஒன்றாக எதிர்கொள்ளும் வாய்ப்பைக் கொடுத்துவிட்டால் எளிது.

தேடலும் கிடைத்ததும்

ஆய்வு முதலில் சிறிதாகத்தான் தொடங்கியது. சிகிச்சை முடிந்தும் நோய் திரும்பியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களையும், அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களையும் பரிசோதித்தார்கள். அதில் கிடைத்த முடிவுகள் மோசமாக இருந்ததால், தேடலைக் கிராமம் முழுமைக்கும் விரித்தார்கள். ப்ராட்டாவின் மக்கள் அனைவரையும் தேடிப் பார்ப்பது என்று முடிவானது. தொழுநோய் உறுதியானவர்களின் தோலிலிருந்து பயாப்ஸி, அதாவது சிறு துணுக்கு, எடுத்தார்கள்.

கிருமி கிடைத்தது 37 பேரிடம். 18 பேர் நோய் திரும்பியவர்கள், 19 பேர் புதியவர்கள். எதிர்ப்பு எப்படிப் பிரிந்திருந்தது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நோய் திரும்பிய 18 பேரில் 8 பேரின் கிருமி ரிஃபாம்பிசின், டாப்சோன் இரண்டுக்குமே மசியவில்லை. இன்னும் 2 பேரிடம் டாப்சோன் எதிர்ப்பு மட்டும். ஆக 10 பேர். பழைய சிகிச்சைகளின் வரலாற்றைப் பார்த்தால் இது ஓரளவு எதிர்பார்க்கக்கூடியது.

புதிய 19 பேரில் 4 பேரிடம் இரட்டை எதிர்ப்பு. ஒருவரிடம் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு மட்டும். ஒருவரிடம் டாப்சோன் எதிர்ப்பு மட்டும். இவர்கள்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன ஆறு பேர்.

இரட்டை எதிர்ப்பு என்றால் நோயாளிக்கு நடைமுறையில் என்ன அர்த்தம்? வழக்கமான மூன்று மருந்தில் இரண்டு வேலை செய்யாது. மிச்சம் க்ளோஃபாசிமின் ஒன்றுதான். அது கிருமியை மெதுவாகக் கொல்லும் மருந்து. கிருமி குறைவாக உள்ள வகைத் தொழுநோய்க்கு 2018 வரை உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் க்ளோஃபாசிமினே கிடையாது, ரிஃபாம்பிசினும் டாப்சோனும்தான். அந்த வகை நோயாளி ஒருவருக்கு இரட்டை எதிர்ப்புக் கிருமி இருந்திருந்தால், ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, 'சிகிச்சை முடிந்தது' என்று பதிவேட்டில் குறிக்கப்பட்டிருப்பார். உண்மையில் அவர் எந்த மருந்தும் சாப்பிடாததற்குச் சமம்.

யாரிடமிருந்து யாருக்கு

இதுவரை சொன்னதை மூன்று மரபணுக்களே சொல்லிவிடும். பரவலைத் தொடர்வதற்கு அது போதாது. இரண்டு பேரிடம் ஒரே எதிர்ப்பு மாற்றம் இருக்கிறது என்பதால், ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது என்று சொல்லிவிட முடியாது. ஆர்.பி.ஓ.பி.யின் 456-ஆவது இடத்து மாற்றம் உலகின் பல மூலைகளில் தனித்தனியாக உருவாகியிருக்கிறது. எதிர்ப்பைச் சுமக்கும் கிருமிகள் ஒரே வம்சமா என்று தெரிய வேண்டும்.

பழைய ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் செய்தது ஏறக்குறைய இதே வேலைதான். ஒரே நூலின் பல படிகள் வெவ்வேறு ஊர்களில் கிடைக்கும். எந்தப் பிழை எந்தெந்தப் படியில் பொதுவாக இருக்கிறது என்று பாடபேதங்களை ஒப்பிட்டால், எது எதைப் பார்த்து எழுதியது என்று ஊகிக்கலாம். கிருமியும் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போது தன் டி.என்.ஏ.வைப் படி எடுக்கிறது. படி எடுக்கும்போது விழும் பிழைகள்தான் தடம்.

ஆனால் தொழுநோய்க் கிருமி பிழையே விடாத எழுத்தர். தமிழ்நாட்டு வகையையும் பிரேசிலின் ஒரு வகையையும் முழுமையாக ஒப்பிட்டபோது 99.995 சதவீதம் ஒன்றாகவே இருந்தன. இரண்டு கண்டங்கள், நடுவில் எத்தனையோ நூற்றாண்டுகள். கணக்குப் போட்டவர்கள் சொல்வது: ஒரு வம்சத்தில் ஒரு எழுத்து மாற ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகலாம். இந்த எழுத்து மாற்றங்களைக் கொண்டு நான்கு பெருவகைகளாகவும் 16 உள்வகைகளாகவும் பிரித்து, தொழுநோய் மனிதரோடு எந்தெந்தப் பாதையில் உலகம் சுற்றியது என்று வரைந்திருக்கிறார்கள். கண்டங்களைப் பிரித்துக் காட்ட அது அருமையான கருவி. ஒரே தெருவில் உள்ள இரண்டு வீடுகளைப் பிரித்துக் காட்டாது.

வீடுகளைப் பிரிக்க வேறொன்று வேண்டும். கிருமியின் டி.என்.ஏ.வில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். ஜி-டி-ஏ, ஜி-டி-ஏ, ஜி-டி-ஏ என்று ஒரு வகையில் 9 முறை இருந்தால், இன்னொன்றில் 11 முறை இருக்கலாம். படி எடுக்கும் நொதி இந்த இடங்களில் வழுக்கும், எண்ணிக்கை கூடும் அல்லது குறையும். ஒற்றை எழுத்து மாற்றத்தைவிட இது எவ்வளவோ வேகமாக நடக்கும். வி.என்.டி.ஆர். என்று இதைச் சொல்கிறார்கள். ப்ராட்டாவில் இப்படி 17 இடங்களில் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். ஒவ்வொரு நோயாளியின் கிருமிக்கும் 17 எண்கள் கொண்ட ஒரு வரிசை கிடைக்கும். அந்த வரிசையையும், எதிர்ப்பு மரபணுவில் உள்ள மாற்றத்தையும், யார் யாருக்கு உறவு என்ற தகவலையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, ஒரே குடும்பத்துக்குள் எதிர்ப்புக் கிருமி நேரடியாகத் தொற்றியதற்கான சான்று கிடைத்தது.

இந்த மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் கதை நிற்காது என்பதைக் கவனிக்க வேண்டும். எதிர்ப்பு மாற்றம் மட்டும் இருந்தால் தற்செயல் என்று ஒதுக்கலாம். வி.என்.டி.ஆர். வரிசை மட்டும் என்றால், மூடிய ஒரு கிராமத்தில் எல்லாக் கிருமிகளும் தூரத்து உறவாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். குடும்ப உறவு மட்டும் என்றால் அது வெறும் ஊகம். மூன்றும் ஒரே திசையில் காட்டும்போதுதான் கனம் கூடுகிறது.

சரி, இந்தக் கருவிக்கு எல்லை எங்கே? வி.என்.டி.ஆர். சில நேரம் அளவுக்கு மீறி வேகமாக மாறும். ஒரே நோயாளியின் இரண்டு இடங்களிலிருந்து எடுத்த பயாப்ஸிகளில்கூட ஓரிரு எண்கள் வேறுபடலாம். திசையையும் அது சொல்லாது. அப்பாவிடமிருந்து மகனுக்கா, மகனிடமிருந்து அப்பாவுக்கா, இருவருக்கும் மூன்றாவது ஒருவரிடமிருந்தா என்பதை எண்கள் மட்டும் தீர்மானிக்காது. தொழுநோய் வெளிப்பட சராசரியாக 5 ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகளுக்கு மேல்கூட ஆகும் என்பதால், யாருக்கு முதலில் நோய் தெரிந்தது என்பதை வைத்தும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. பாரா மாநிலத்திலேயே வேறொரு பகுதியில் பரிசோதித்த ஆர்மடில்லோக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் தொழுநோய்க் கிருமியின் டி.என்.ஏ. கிடைத்தது. அவற்றை வேட்டையாடித் தின்னும் வழக்கம் அங்கே உண்டு. ஆக, மனிதரிடமிருந்து மனிதருக்கு என்ற ஒற்றைப் பாதையை மட்டும் வைத்து அமேசான் பகுதியின் வரைபடத்தை வரைய முடியாது. ஆனால் ரிஃபாம்பிசினையும் டாப்சோனையும் ஒருசேரத் தாங்கும் கிருமி காட்டு விலங்கின் உடம்பில் உருவாகியிருக்க வாய்ப்பில்லை. அது மருந்து தின்ற மனித உடம்பின் கைவரிசை.

இந்த எண்களை எப்படி எடுத்துக்கொள்வது

உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்பு வலையமைப்பு 2009 முதல் 2015 வரை 19 நாடுகளில் 1,932 நோயாளிகளின் கிருமியைப் பரிசோதித்தது. 154 பேரிடம், அதாவது 8 சதவீதத்தினரிடம், ஏதாவது ஒரு மருந்துக்கு எதிர்ப்பு இருந்தது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பு, நோய் திரும்பியவர்களில் 5.1 சதவீதம், புதியவர்களில் 2 சதவீதம். ப்ராட்டாவில் புதிய 19 பேரில் 5 பேர்.

37 பேரை வைத்து பிரேசில் முழுக்க இப்படித்தான் என்று சொன்னால் அது தவறு. ப்ராட்டாவின் வரலாறு தனி. ஆய்வாளர்களும் அதைத் தனித்துவமான சமூகம் என்றுதான் குறிப்பிடுகிறார்கள். ஆனால் ஒப்பீட்டில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். இரண்டு ஆய்வுகளும் தேடிய விதமே வேறு. ஒன்று, மருத்துவமனைக்கு வந்தவர்களில் மாதிரி எடுத்தது. மற்றது, ஒரு சமூகத்தையே முழுதாகத் தேடியது. எதிர்ப்புக் கிருமி குடும்பத்துக்குள் பரவுகிறது என்றால், அது நாடு முழுக்கச் சீராகத் தூவிக் கிடக்காது. சில வீடுகளில் குவிந்திருக்கும். தேசிய சராசரியில் 2 சதவீதம் என்று தெரிவது, ஒரு குறிப்பிட்ட தெருவில் 25 சதவீதமாக இருக்கலாம். சராசரியைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்களுக்கு அந்தத் தெரு கண்ணில் படவே படாது.

கண்காணிப்பு நெடுங்காலம் நோய் திரும்பியவர்களைச் சுற்றியே நடந்தது. தர்க்கம் புரிகிறது. எதிர்ப்பு கிடைக்க வாய்ப்பு அதிகமுள்ள இடத்தில்தானே தேடுவோம். ஆனால் அப்படித் தேடினால் எதிர்ப்பு உருவாவது தெரியும், பரவுவது தெரியாது. பரவலைக் காட்டுகிறவர்கள் புதிய நோயாளிகள்தான். ப்ராட்டாவில் நோய் திரும்பிய 18 பேரோடு நிறுத்தியிருந்தால், பழைய சிகிச்சையின் விளைவு என்று எழுதி முடித்திருப்பார்கள். 2017-ல் புதுப்பிக்கப்பட்ட உலக சுகாதார நிறுவன வழிகாட்டி, புதிய நோயாளிகளில் ஒரு பகுதியினரையும் சோதிக்கச் சொல்கிறது. அது நல்ல மாற்றம்.

இன்னும் கவலை தரும் ஒரு கண்டுபிடிப்பு 2018-ல் வந்தது. 25 நாடுகளைச் சேர்ந்த 154 தொழுநோய்க் கிருமிகளின் முழு மரபணுத் தொகுதியை ஒப்பிட்டபோது, எட்டு கிருமிகளில் மட்டும் வழக்கத்துக்கு மாறாகப் பிழைகள் குவிந்து கிடந்தன. டி.என்.ஏ. சேதத்தைச் சரிசெய்யும் என்.டி.எச். என்ற மரபணு அவற்றில் கெட்டுப்போயிருந்தது. பிழையே விடாத எழுத்தரின் கை நடுங்கத் தொடங்கியது போலத்தான். அப்படிப்பட்டவை பல மருந்துகளுக்கு எதிர்ப்பைக் காட்டும் கிருமிகளாகவும் இருந்தன. மூன்று மரபணுக்களின் சிறு துண்டுகளை மட்டும் படிக்கும் வழக்கமான சோதனையில் இது தெரியாது, முழுத் தொகுதியையும் படித்தால்தான் தெரியும். நோயாளியின் தோல் மாதிரியில் மனித டி.என்.ஏ.தான் பெரும்பகுதி என்பதால், கிருமியின் டி.என்.ஏ.வை மட்டும் தூண்டில் போட்டுப் பிரித்தெடுக்கும் முறைகள் வந்த பிறகே இது சாத்தியமானது. செலவு இன்னும் அதிகம்தான். ஆனால் நோய் திரும்பியதா, அல்லது புதிதாக வேறொரு கிருமி தொற்றியதா என்பதையும் முழுத் தொகுதியால் பிரித்துச் சொல்ல முடியும் என்று 2017-ல் பிரேசில் நோயாளிகளிடமே காட்டியிருக்கிறார்கள். ப்ராட்டா போன்ற இடத்தில் இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் குணமான ஒருவர் அதே வீட்டில், அதே கிருமிகளுக்கு நடுவில்தான் மறுபடி வாழப்போகிறார்.

சிகிச்சையில் என்ன மாறுகிறது

ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உறுதியானவருக்கு 2018 வழிகாட்டியின்படி, முதல் ஆறு மாதம் தினமும் க்ளோஃபாசிமினோடு இரண்டாம் நிலை மருந்துகளில் இரண்டு கொடுக்க வேண்டும். க்ளாரித்ரோமைசின், மினோசைக்ளின், குயினோலோன் வகை ஆகியவற்றிலிருந்து அவை தேர்வாகும். அடுத்த 18 மாதம் க்ளோஃபாசிமினும் அவற்றில் ஒன்றும். மொத்தம் இரண்டு வருடம், தினமும். நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் எதிர்ப்பு இருப்பது தெரிந்தால்தான் இதுவும் கிடைக்கும்.

இதைவிடச் சிக்கலானது தடுப்பு மருந்து விவகாரம். நோயாளியோடு வாழ்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தால், அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர்களுக்கு நோய் வருவது 57 சதவீதம் குறைந்ததாக வங்கதேசத்தில் நடந்த பெரிய ஆய்வு 2008-ல் காட்டியது. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. நல்ல திட்டம், பல நாடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. நான் இதற்கு எதிரானவன் அல்ல. ஆரோக்கியமானவர் உடம்பில் கிருமி மிகக் குறைவு என்பதால், ஒரு வேளை மருந்தால் புதிதாக எதிர்ப்பு உருவாகும் என்ற பயம் அதிகம் வேண்டாம் என்றே வல்லுநர்கள் பலரும் சொல்கிறார்கள். ஆனால் ப்ராட்டா எழுப்பும் கேள்வி வேறு. வீட்டில் உள்ள நோயாளியின் கிருமியே ரிஃபாம்பிசினுக்கு மசியாதது என்றால், அந்த வீட்டில் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்ற எண்ணத்தில் கண்காணிப்பு தளர்ந்தால் அதுவே கேடு. தடுப்பு மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் கிருமியை, குறைந்தபட்சம் அவர் கிருமி அதிகமுள்ள வகை என்றால், ஆர்.பி.ஓ.பி. சோதனைக்கு அனுப்புவது கட்டாயமாக வேண்டும் என்பது என் கருத்து. கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. முடிவு வரும்வரை அந்த வீட்டைப் பட்டியலில் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

புதிய மருந்துகளிலும் நம்பிக்கை தெரிகிறது. காசநோய்க்குப் பயன்படும் பெடாகுவிலினை, முன்பு சிகிச்சை பெறாத 9 தொழுநோயாளிகளுக்கு 8 வாரம் தனியாகக் கொடுத்துப் பார்த்த பிரேசில் ஆய்வு 2024-ல் வெளியானது. அதில் கிருமி செத்ததா என்று உறுதிசெய்யப் பயன்பட்டதும் அதே எலிப் பாதம்தான். சிகிச்சைக்குப் பின் எடுத்த கிருமிகள் எலியில் வளரவில்லை. இந்த மருந்தாவது ஒற்றையாகப் பொதுப் பயன்பாட்டுக்கு வராமல் இருக்க வேண்டும். ஒற்றை மருந்தின் விளைவை அனுபவித்தவர்கள் ப்ராட்டாவில் இன்னும் இருக்கிறார்கள். பொதுப் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்பே, அது குறிவைக்கும் மரபணுவைப் பழைய எத்தனால் குப்பிகளில் கிடக்கும் மாதிரிகளில் படித்து வைத்துவிடலாம். நாளை எதிர்ப்பு தோன்றினால், அது புதிதாக வந்ததா, முன்பே இருந்ததா என்று ஒப்பிட ஆதாரம் வேண்டுமல்லவா.